நூற்றிருபது ராத்தல்

மட்டாஞ்சேரி
12-8-1961

அன்பு மைத்துனன் பரீத்துக்கு உன் மச்சான் அமீருதீன் சொல்லும் ஸலாம். இங்கே மழை, கொஞ்சம் சளி, மற்றபடி அல்லாஹ்வின் கிருபை. பாலக்காட்டில் நீயும் உன் மகள் ரம்லத்தும் எப்படி இருக்கிறீர்கள்?

கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைத்திருப்பாய். நான்தான். என் கை. அறுபத்துமூன்று வயதில் எழுத்து வந்துவிட்டது. இதுவரை கடைக்கார சலாவுதீனிடம் சொல்லி எழுதினேன். நான் "நலம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் நாலு வரி எழுதுவான். அதற்குச் சாயா வாங்கிக் குடிப்பான். பிறகு நான் சொன்னதைக் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வான். இனி அது இல்லை.

கற்றுக்கொடுத்தது உன் அக்கா. படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த நாள் முதல் லதீஃபா கிடங்கின் மேலே எங்கள் அறையிலேயே இருக்கிறாள். இது இரண்டாவது மழைக்காலம். ஒருநாள் அடுப்புக்கரியை எடுத்துச் சுவரில் ஓர் எழுத்தைப் போட்டு, "இது என்னன்னு சொல்லுங்க, சோறு போடறேன்" என்றாள். எனக்குத் தெரியவில்லை. சோறு போட்டுவிட்டாள், ஆனால் மறுநாளும் அதே கேள்வி. இப்போது சுவர் முழுக்கக் கரி. உட்கார்ந்தபடி அவள் கை எட்டுகிற உயரம் வரைக்கும்.

நான் மெல்லத்தான் எழுதுகிறேன். இந்தப் பக்கத்துக்கு அஸர் தொழுகையிலிருந்து மஃரிப் வரை ஆயிற்று. பிழைகளை அவள் திருத்திவிட்டாள். அவள் நலம். வலி இல்லை என்று எழுதச் சொல்கிறாள்.

உன் மச்சான்
அமீருதீன்


பாலக்காடு
25-8-1961

மதிப்புள்ள மச்சான் அவர்களுக்கும் அக்காவுக்கும் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம்.

கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். ரம்லத் தெருவில் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தாள். கோணல் எழுத்துதான். ஆனால் சலாவுதீன் எழுதிய எந்தக் கடிதத்திலும் நீங்கள் இல்லை. இதில் இருக்கிறீர்கள்.

நல்ல சேதி ஒன்று. ரம்லத்துக்கு இடம் அமைந்துவிட்டது. மாப்பிள்ளை கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பள்ளிக்கூட வாத்தியார். நோன்பு முடிந்து ஷவ்வால் மாதத்தில் நிக்காஹ். ஏப்ரல் ஒன்றாம் தேதி. ரம்லத்தின் தாய் போன பிறகு அவளைத் தூக்கி வளர்த்தது அக்காதான். அக்கா வரமுடியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நானே வந்து அக்காவைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருப்பேன். ஆனால் குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிறகு தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வாலிபர்களுக்குத் தேகப்பயிற்சி சொல்லிக்கொடுத்த கஸரத் கிளப்புக்கு இன்னும் போகிறேன். பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களைத் திட்டுகிறேன்.

அக்கா, உடம்பைப் பார்த்துக்கொள்.

பரீத்


தோப்பும்படி
9-9-1961

அன்பு பரீத்துக்கு ஸலாம். உன் வயிற்றுத் தையல் ஆறிவிட்டதா? அதை முதலில் எழுது.

இந்தக் கடிதம் உன் அக்காவுக்குத் தெரியாது. திருத்தவும் ஆள் இல்லை. பிழை இருந்தால் நீயே சரி செய்து வாசித்துக்கொள். எழுத்துத் தெரிந்ததில் பெரிய சந்தோஷம் இதுதான், பரீத். அறுபத்துமூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ரகசியம் வைத்திருக்கிறேன்.

நீ ஏப்ரல் ஒன்று என்று எழுதியதை நான்தான் வாசித்துக் காட்டினேன். "நல்லது" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த ஜன்னலில் என்ன இருக்கிறது? எதிர்க் கிடங்கின் ஓடு, அதன்மேல் காக்கை. ஜூ டவுன் தெருவில் போகிறவர்களின் சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. சத்தத்தை வைத்தே யார் என்று சொல்வாள்.

எங்கள் படி உனக்கு நினைவிருக்கும். ஏணி போலச் செங்குத்து, ஓர் ஆள் அகலம். நாற்காலி திரும்பாது. என்னோடு சுமை தூக்கியவர்கள் வந்து, "நாங்க மாறி மாறி முதுகிலே இறக்கறோம், அக்கா" என்றார்கள். அவள் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "மய்யித்தானப்புறம் நாலு பேர் தூக்குங்க. உசிரோட அந்நிய ஆம்பிளை முதுகிலே நான் ஏறமாட்டேன்."

அப்படியானால் அவள் ஏறக்கூடிய முதுகு இரண்டுதான். உன் வயிற்றைத் தைத்து வைத்திருக்கிறார்கள். மிச்சம் என் முதுகு.

அவள் கால் மடங்கும், பாரம்தான் தாங்காது. என் கழுத்தைப் பிடித்துக்கொள்வாள். பாயிலிருந்து அவளோடு நான் எழ வேண்டும். அவளைப் பெட்டிமேல் உட்காரவைத்துத் தூக்கலாமே என்று நீ கேட்பாய். ஆனால் படியின் தலைப்பில் உத்திரம் தாழ்ந்திருக்கிறது. அங்கே சுமையோடு நன்றாகக் குந்தித்தான் திரும்ப வேண்டும். ஒருநாள் வெறுமனே குந்திப் பார்த்தேன், சுவரைப் பிடிக்காமல் எழ முடியவில்லை.

அதனால் தோப்பும்படியில் நாணு நடத்தும் ஜிம்னேஷியத்துக்கு வந்தேன். அங்கே இரு முனையிலும் இரும்புத் தட்டு மாட்டித் தூக்குகிற கம்பி, பார்பெல், இருக்கிறது. நாணு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மூப்பரே, இது சின்னப் பையன்மாருடெ ஸ்தலமாக்கும். பத்திரிகை வாசிக்கணும்னா அந்தப் பெஞ்சு" என்றான். காரணத்தைச் சொன்னேன். அவன் பெஞ்சிலிருந்த பத்திரிகையை எடுத்து மடித்து வைத்தான். பிறகு, "நாளை முதல் விடியக்காலத்து வா" என்றான்.

அவனுக்கு வாலிபர்களுக்குச் சொல்லித்தரத்தான் தெரியும். வயசானவன் எப்படிச் செய்வது என்பதை நீ எழுது. நாணு விலாசத்துக்கு எழுது.

அமீருதீன்


பாலக்காடு
20-9-1961

மச்சான் அவர்களுக்கு ஸலாம். தையல் ஆறிவிட்டது. உங்கள் முட்டி எப்படி என்பதுதான் இப்போது கேள்வி.

கடிதத்தை வாசித்ததும் வேண்டாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பிறகு உங்கள் முட்டாள்தனத்துக்கு என்னைவிட்டால் வேறு யார் துணை என்று தோன்றியது.

தோளில் பாரத்தை வைத்துக் குந்தி எழுவதைக் கிளப்பில் ஸ்குவாட் என்கிறோம். நம் பஸ்கிக்கு அண்ணன். இருபது வயதுக்காரன் வந்த உடனே தூக்கலாம். நீங்கள் கூடாது. முதலில் கொஞ்சம் நடந்து, கையைக் காலைச் சுழற்றி, உடம்பில் சூடு ஏறிய பிறகுதான் கம்பியைத் தொட வேண்டும். முதல் மாதம் முழுக்க இரும்பு மாட்டாத வெறும் கம்பி. ஒருநாள் செய்தால் மறுநாள் ஓய்வு. வயசான உடம்பு செய்கிற நாளில் வளராது, ஓய்வு நாளில்தான் வளரும்.

பாதத்தைத் தோள் அகலத்துக்கு வையுங்கள், விரல்கள் சற்று வெளியே பார்க்கட்டும். வயிறு நிறைய மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு, பின்னால் ஒரு முக்காலி இருக்கிறது என்று நினைத்து இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோய் இறங்குங்கள். முட்டி விரலின் திசையிலேயே போகட்டும், உள்ளே மடங்கக்கூடாது. குதிகால் தரையை விடவே கூடாது. எழும்போது தரையைக் காலால் அமுக்குவதாக நினையுங்கள். குத்துகிற வலி வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

எவ்வளவு எடை வரை போக நினைக்கிறீர்கள்?

பரீத்


தோப்பும்படி
22-10-1961

அன்பு பரீத்துக்கு ஸலாம். நீ நலமா? ரம்லத்துக்கு நகை செய்யக் கொடுத்தாயிற்றா என்று உன் அக்கா கேட்கிறாள்.

எடை கேட்டாய். நூற்றிருபது ராத்தல். அவள் விழுவதற்கு முந்தின வருஷம் கிடங்குத் தராசில் விளையாட்டாக ஏறி நின்றாள். முள் அங்கே நின்றது. நான் மறக்கவில்லை. மூட்டையின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தே நிறையைச் சொல்லிவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். உன் அக்காவின் நிறையை நான் மறப்பேனா?

ஆனால் வெறும் கம்பியே என்னைத் தோற்கடிக்கிறது. நீ சொன்னபடிதான் செய்கிறேன். சும்மாட்டை நன்றாகச் சுற்றிப் பிடரியில் வைத்து, அதன்மேல் கம்பியை ஏற்றி, கழுத்தை அசைக்காமல் தூண் மாதிரி நிமிர்ந்து இறங்குகிறேன். பாதி தூரத்தில் குதிகால் தூக்கிவிடுகிறது. முட்டியில் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல எரிச்சல். நாணு குதிகாலுக்கடியில் ஒரு பலகையை வைத்தான். எரிச்சல் கூடியது.

எனக்கே வெட்கமாக இருக்கிறது. நாற்பது வருஷம் மிளகும் சுக்கும் சுமந்தவன். இப்போதுதான் யோசித்தேன்: அந்த மூட்டைகளை நான் தூக்கியதே இல்லை. இரண்டு பேர் பிடித்துத் தலையில் ஏற்றுவார்கள், போய்ச் சேர்ந்த இடத்தில் இரண்டு பேர் இறக்குவார்கள். நான் சுமையோடு நடந்தேன். சுமையோடு எழுந்ததில்லை.

அங்குள்ளவர்கள் எனக்கு "மணவாளன்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். காரணத்தை நாணு உளறிவிட்டான்போலிருக்கிறது. கோபம் வரவில்லை.

அமீருதீன்


பாலக்காடு
5-11-1961

மச்சான் அவர்களுக்கு ஸலாம். அக்காவிடம் நகை தயார் என்று சொல்லுங்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால் கனவு கண்டதாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

சும்மாட்டை எதற்கு வைத்தீர்கள்?

வாசித்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டேன். நான் எழுதவேண்டியதை எழுதவில்லை. இத்தனை வருஷத்தில் என்னிடம் வந்த யாரும் சும்மாடு கொண்டுவரவில்லை, அதனால் வைக்காதே என்று சொல்லும் வழக்கம் எனக்கில்லை. சும்மாட்டை நாணுவின் பெஞ்சில் வைத்துவிடுங்கள். கம்பி பிடரி எலும்பில் உட்காரக்கூடாது. தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்தால் முதுகின் மேல்புறம் சதை மேடாக எழும்பும். அந்த மேட்டில் கம்பி உட்காரட்டும். கை இரண்டும் அதைப் பிடித்திருக்கட்டும்.

பெரிய தப்பு அதுகூட இல்லை. நிமிர்ந்தே இறங்குவதுதான். தலைச்சுமைக்காரன் சாய்ந்தால் மூட்டை விழுந்துவிடும். அந்தப் பயத்திலேயே உங்கள் உடம்பு நாற்பது வருஷம் நின்றிருக்கிறது. இது தலைச்சுமை இல்லை, மச்சான். இடுப்பு பின்னால் போனால் நெஞ்சு முன்னால் வரத்தான் வேண்டும். முதுகு வளையக்கூடாது, பலகை மாதிரி நேராக இருக்கட்டும், ஆனால் அந்தப் பலகை சாயலாம். சாய்ந்தால் சுமை விழாது. பலகையைக் குதிகாலுக்கடியிலிருந்து எடுத்து அடுப்பில் வையுங்கள்.

முதுகில் ஆளைச் சுமக்கிறவன் சாயாமல் எப்படிச் சுமப்பான்?

பரீத்


தோப்பும்படி
24-12-1961

அன்பு பரீத்துக்கு ஸலாம். உன் உடம்பு சுகமா? என் உடம்புக்கு வயது குறைந்துகொண்டே வருகிறது.

சாய்ந்தேன். விழவில்லை. குதிகால் தரையிலேயே இருந்தது, முட்டியில் எரிச்சல் இல்லை. தொடையும் பிட்டமும் வலித்தன. "அது நல்ல வேதனையாக்கும்" என்றான் நாணு. இரும்பு மாட்டத் தொடங்கி, இப்போது எண்பது ராத்தல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் நாணு சாயாவுக்குப் போயிருந்தான். வேறு யாரும் இல்லை. நான் பொறுக்காமல் கம்பியை ஏற்றிக்கொண்டு இறங்கினேன், மிக அடியாழம் வரை. எழ முடியவில்லை.

பரீத், அந்த இடம் எப்படி என்று உனக்குத் தெரிந்திருக்கும். மேலே போக முடியாது. கீழே இறங்க இடமில்லை. கம்பியை உதறினால் கழுத்து போய்விடுமோ என்று பயம். ஆளைக் கூப்பிட்டால் அடக்கிய மூச்சு போய்விடும். வெளியே மீன்காரர்கள் சத்தம், லாரிச் சத்தம், எல்லோரும் அவரவர் வேலையாகப் போகிறார்கள். சத்தம் கேட்கிறது, ஆள் தெரியவில்லை. அப்போது லதீஃபாவை நினைத்தேன். நான் கொஞ்ச நேரம்தான் அங்கே இருந்தேன்.

நாணு வந்து பின்னாலிருந்து கம்பியைப் பிடித்துத் தூக்கினான். "எந்தா மூப்பரே, அவிடெத்தன்னெ குடித்தனம் வைக்கப்போறதா?" என்றான். சிரித்துவிட்டு ஒரு மூலையில் போய் உட்கார்ந்து அழுதேன். அதை அவன் பார்க்கவில்லை.

இனி துணையில்லாமல் இறங்க மாட்டேன். ஆனால் கடைசி நாளில் என் முதுகில் உன் அக்கா இருப்பாள், பின்னாலிருந்து பிடிக்க ஆள் இருக்காது. அதற்கு என்ன செய்ய? படியில் காலை எப்படி வைக்க? எழுது.

அமீருதீன்


மட்டாஞ்சேரி
4-1-1962

அன்புத் தம்பி பரீத்துக்கு உன் அக்கா லதீஃபாவின் ஸலாமும் துஆவும். நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடு.

உன் மச்சான் சாமான் வாங்கப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் இதை எழுதி, மீன் கொண்டுவருகிற பெண்ணிடம் தபாலில் போடக் கொடுக்கப்போகிறேன்.

எனக்கு எல்லாம் தெரியும். யாரும் சொல்லவில்லை. முன்பெல்லாம் சோற்றுக்கு உட்காரும்போது சுவரைப் பிடித்து, ஒரு கையை ஊன்றி, முனகிக்கொண்டு உட்காருவார். இப்போது காலை அகட்டி நின்று, பின்னால் எதையோ தேடுகிறவர் மாதிரி இடுப்பைத் தள்ளி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சட்டென்று குந்துகிறார். சுவரைத் தொடாமல் எழுகிறார். எழுந்துவிட்டு நான் பார்த்தேனா என்று பார்க்கிறார். பகல் முழுக்க எனக்குப் பார்க்க அவரைவிட்டால் காக்கைதான் இருக்கிறது. எனக்குத் தெரியாமல் போகுமா? கேட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். உன் கடிதங்களையும் காட்டினார்.

வேண்டாம், பரீத். அந்தப் படியில் விழுந்தது நான். அவர் அப்போது வெளியே இருந்தார். கால் நழுவியதற்கும் தரைக்கும் நடுவில் இருந்த நேரம் எனக்குத்தான் தெரியும். இப்போது விழுந்தால் அவர் அடியில் இருப்பார், நான் மேலே. அதன்பிறகு நான் இறங்கி என்ன, இறங்காமல் என்ன?

எனக்கு இந்த அறை பழகிவிட்டது. வேண்டாம் என்றால் அவர் கேட்கமாட்டார், முகம் வாடிப்போவதை என்னால் பார்க்கவும் முடியாது. நீ இனிமேல் அவருக்கு எழுதாதே. நீ சொல்லிக்கொடுக்காவிட்டால் தானாக விட்டுவிடுவார். என்மேல் ஆணை.

ரம்லத்துக்கு நிக்காஹ் அன்று என்ன நிறத்தில் புடவை? பச்சையா, குங்கும நிறமா? மருதாணி யார் வைக்கிறார்கள்? அவளுக்கு இடதுகை நடுவிரலில் ஒரு தழும்பு உண்டு, அதை மறைத்து வைக்கச் சொல். நான் தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

லதீஃபா


தோப்பும்படி
18-2-1962

அன்பு பரீத்துக்கு ஸலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறதா?

டிசம்பரில் எழுதினேன், பதில் இல்லை. உன் அக்காவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று ஜனவரியில் எழுதினேன், அதற்கும் பதில் இல்லை. கல்யாண வேலை என்று நினைத்தேன், பிறகு நோன்பு என்று நினைத்தேன். நேற்று வேறொன்று தோன்றித் தூக்கம் போய்விட்டது. உன் தையல் பிரிந்துவிட்டதா? கை எழுத ஓடவில்லையா? அப்படியானால் யாரிடமாவது சொல்லி எழுது. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. என் வாழ்நாள் முழுக்க நான் அப்படித்தான் எழுதினேன்.

நான் விடவில்லை. நோன்பு திறப்பதற்குச் சற்று முன்னால் போய்க் கொஞ்சமாகச் செய்கிறேன். நாணு தண்ணீர்ச் செம்பை என் கண்ணில் படாமல் ஒளித்துவைத்துக்கொண்டு குடிக்கிறான். நூற்றிருபது ராத்தல் வந்துவிட்டது, பரீத். தோளில் ஏற்றி, அடியாழம் இறங்கி, எழுந்தேன். அங்கிருந்தவர்கள் கை தட்டினார்கள். எனக்கு உடனே உனக்குச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

வீட்டில் ஒரு மாற்றம். உன் அக்கா என் எழுத்தைத் திருத்துவதை நிறுத்திவிட்டாள். "இனி நீங்களே எழுதிக்குங்க" என்கிறாள். யாருக்கு எழுதுகிறீர்கள் என்றும் கேட்பதில்லை. சுவரில் இருந்த கரியெழுத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். அறை பெரிதாகத் தெரிகிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

படிக்கு மட்டும் வழி தெரியவில்லை. வெறும் கையோடு இறங்கிப் பார்க்கிறேன். முன்னால் பார்த்து இறங்கினால் பாரம் என்னைத் தள்ளும்போல இருக்கிறது. அதற்கு மட்டும் பதில் சொல். ஒரு கார்டு போதும்.

அமீருதீன்


பாலக்காடு
9-3-1962

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும் ஸலாம். பெருநாள் வாழ்த்து.

இதை வீட்டு விலாசத்துக்கே எழுதுகிறேன். மச்சான் உரக்க வாசிக்கட்டும், அக்கா கேட்கட்டும்.

மச்சான், எனக்கு உடம்பு நலம். எழுதவேண்டாம் என்று அக்கா ஆணையிட்டாள், நான் எழுதவில்லை. உங்கள் கடிதம் வரும், வாசிப்பேன், தலையணைக்கடியில் வைப்பேன். நூற்றிருபது என்று நீங்கள் எழுதிய அன்று கிளப்புக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது, ஆனால் சொன்னால் கை எழுதிவிடும் என்று பயந்து திரும்பி வந்தேன்.

அக்கா, "உன் நன்மைக்குத்தான், பெஞ்சிலேயே இரு" என்று ஆறேழு மாதமாக டாக்டர் என்னிடமும் சொல்கிறார். அவர் சொல்வது சரி. சரி என்பதால் அந்தப் பெஞ்சு மெத்தையாகிவிடவில்லை. உனக்கு அறை பழகிவிட்டது என்று எழுதினாய். அடுத்த பத்தியிலேயே புடவை நிறம் கேட்டாய்.

குங்கும நிறம். மருதாணி வைக்க யாரையும் சொல்லவில்லை. ரம்லத் சொல்லவிடவில்லை.

மச்சான், படிக்கு வழி இதுதான். முன்னால் பார்த்து இறங்காதீர்கள். ஏணியில் இறங்குவதுபோல் படியைப் பார்த்துக்கொண்டு பின்பக்கமாக இறங்குங்கள். மேலே உத்திரத்தில் நல்ல கயிறு கட்டி இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். அக்காவை உங்கள் இடுப்போடு சேலைத்துணியால் கட்டிவிடுங்கள், அவள் கையை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு கால் நன்றாக ஊன்றிய பிறகுதான் மறு கால். தலைப்பில் குந்தித் திரும்பும்போது மூச்சு வயிற்றில் இருக்கட்டும். இப்படி இறங்கினால் தவறினாலும் படிமேல்தான் சாய்வீர்கள், கீழே போகமாட்டீர்கள். அக்காவின் பயத்துக்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவுதான்.

மீதியை அக்காதான் சொல்ல வேண்டும். வாசித்து முடித்ததும் அவளிடம் ஒரு தடவை கேளுங்கள். இரண்டாம் தடவை கேட்காதீர்கள்.

பரீத்


மட்டாஞ்சேரி
28-3-1962

அன்பு பரீத்துக்கு ஸலாம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. நானே கொண்டுவந்து உன் கையில் தருவேன். அவள் முன்னால் சொல்ல முடியாத ஒன்று இதில் இருக்கிறது.

உன் கடிதத்தை வாசித்தேன். மருதாணி என்ற வரியை மட்டும் இரண்டு தடவை வாசித்தேன். முடித்துவிட்டு, "வர்றியா?" என்று கேட்டேன். பதில் இல்லை. நீ சொன்னபடி மறுபடி கேட்கவில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது, பார்பெல் ஒன்றுமில்லை. பத்து நாளைக்கு மேல் ஆயிற்று. ஒருநாள் கரியை எடுத்துச் சுவரில் ஏதோ எழுதினாள். போய்ப் பார்த்தேன். கயிறு என்று எழுதியிருந்தாள். "வாங்கினீங்களா?" என்றாள்.

நேற்று காலை, "முதல்லே இந்த அறைக்குள்ளே தூக்குங்க, நான் பாக்கணும்" என்றாள். அவளுக்கு முதுகு காட்டி நின்று இறங்கினேன். குதிகால் தரையில். நெஞ்சு முன்னால். அவள் என் கழுத்தைப் பிடித்தாள். துணியை இருவருக்குமாகச் சுற்றி முடிச்சுப் போட்டேன். வயிறு நிறைய மூச்சை இழுத்தேன். நூற்றிருபது ராத்தலுக்கு அமுக்குவதுபோலத் தரையை அமுக்கினேன்.

பரீத், நான் துள்ளிவிட்டேன். அவள் தலை உத்திரத்தில் இடித்திருக்கும், ஒரு சாண்தான் மிச்சம். துணி அவிழ்ந்து அவள் பாயிலேயே இருந்துவிட்டாள் என்று நினைத்தேன். "லதீஃபா, ஏறினியா?" என்று கேட்டேன்.

"ஏறித்தான் இருக்கேன்" என்று காதுக்குப் பக்கத்தில் சொன்னாள்.

அறுபது ராத்தல் இருப்பாளோ என்னவோ. அதற்கு மேல் இல்லை. விழுவதற்கு முன்னால் இருந்தவளின் நிறையைத் தூக்கத்தான் நான் ஏழு மாதமாகப் பழகிக்கொண்டிருந்தேன். அவள் அந்த அறையில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எனக்கு முதலில் பரிமாறிவிட்டு, நான் எழுந்த பிறகுதான் அவள் சாப்பிடுவாள். என்ன சாப்பிட்டாள் என்று நான் பார்த்ததில்லை. மூட்டையின் மூலையைத் தொட்டு நிறை சொல்கிறவன் நான்.

நான் பேசாமல் நிற்பதைப் பார்த்து, "என்ன, ஒண்ணும் சொல்லமாட்டேங்கிறீங்க? முடியலையா?" என்றாள்.

"கனம்" என்றேன். "நல்ல கனமா இருக்கே, புள்ளே."

அவளுக்குச் சந்தோஷம். "உக்காந்தே சாப்பிட்டா கனக்காதா?" என்றாள். நான் ஊம் என்று முனகிக் காட்டினேன்.

இன்று அஸருக்குப் பிறகு இறங்கினோம். நாணு கீழே படியின் காலைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி நின்றான். "ஞான் நோக்குந்நில்லா, அம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். தலைப்பில் குந்தித் திரும்பினேன். அங்கே அவள் நகம் என் தோளில் பதிந்தது. அவள் விழுந்தது அந்த இடத்தில்தான். கயிற்றைப் பிடித்து, ஒரு கால், மறு கால். அவள் ஓதிக்கொண்டே வந்தாள். தரை வந்ததும் ஓதுவதை நிறுத்தவில்லை. "வந்தாச்சு" என்று நான்தான் சொன்னேன்.

மிளகு மூட்டைமேல் உட்காரவைத்தேன். நாணு போய்ச் சாயா வாங்கிவந்து கதவுக்கு வெளியே வைத்தான். அவள் சாயாவைத் தொடவில்லை. படியைக் கீழிருந்து மேல்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "இவ்வளவுதானா இது?" என்று கேட்டாள். நானும் பார்த்தேன். சின்னப் படிதான்.

இன்று ராத்திரிக்குக் கீழேயே பாய் போட்டிருக்கிறேன். அவள் கிடங்கு வாசலில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களைப் பார்க்கிறாள். சத்தத்தை வைத்து அவள் மனதில் வரைந்து வைத்திருந்தவர்கள் எல்லாம் வேறு மாதிரி இருக்கிறார்களாம். மீன்காரப் பெண் இவ்வளவு குள்ளம் என்று நினைக்கவில்லையாம். நாளைக் காலை படகில் எதிரே உள்ள ஐலண்டு தீவுக்கு, அங்கிருந்து ரயில்.

உனக்கு இரண்டு காரியம். கல்யாணச் சோறு அவளுக்கு உன் கையாலேயே வை, வேண்டாம் என்றாலும் மறுபடி வை, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் இரு. இன்னொன்று, நிக்காஹ் வீட்டில் அவளை இங்கிருந்து அங்கே உட்காரவைக்கப் பெண்கள் தூக்க நேரும். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவை. தூக்கும்போது கனம் என்று சொல்லட்டும்.

உன் மச்சான்
அமீருதீன்